பீரங்கி கொடுத்த பிள்ளை

பக்கத்துக் குவாட்டர்ஸ்காரி கிள்ளானுக்குப் போய்விட்டு வந்து, என் அடுப்படியில் நின்றுகொண்டு சொன்ன ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"உங்க ஓரகத்தி மவ என்னா சூட்டிகை தெரியுமா? அந்தக் கோட்டைக் கோபுரத்துல இருக்கிறத ஒண்ணொண்ணா காட்டி எங்களுக்கு விளக்கம் சொல்லிச்சு லா. தொரைமாருங்க வந்தாக்கூட அதுதான் முன்னால போவுமாம்" என்றாள்.

என் ஓரகத்திக்கு, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவிக்கு, மகள் கிடையாது. மகனும் கிடையாது. கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஆகியும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்தது என் மகளை. நான் பெற்ற மூன்றாவது பிள்ளையை.

"அது என் பொண்ணுக்கா" என்றேன்.

"அப்படியா? அம்மா அம்மான்னு அவங்க முந்தானையப் புடிச்சிக்கிட்டே திரியுதே" என்று சொல்லிவிட்டு, கேட்க வந்த பெருங்காயத்தை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். எனக்கு அன்று சமைத்ததில் ருசி பார்க்கத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கிறது என்றார்.

நடந்தது இதுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் கடைக்குட்டியைப் பெற்றுப் படுத்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டு, பிழைப்பேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. வீட்டில் இருப்பதைவிடத் தண்டவாளத்தில் இருப்பதுதான் அதிகம். மூத்தவன்கள் இரண்டு பேரும் ஓரளவு வளர்ந்தவர்கள், சமாளித்துக்கொண்டார்கள். கைக்குழந்தையை எதிர்வீட்டுப் பெண் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்துக் காப்பாற்றினாள். நடுவில் நின்றது இந்தப் பெண். மூன்று வயது. கிள்ளானிலிருந்து பார்க்க வந்த கொழுந்தனும் ஓரகத்தியும், "அண்ணிக்கு உடம்பு தேறுற வரைக்கும் எங்ககூட இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது தலை தூக்கவே முடியவில்லை. யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

உடம்பு தேறியது. ஆனால் வருடம் நாலு ஆகியும் பிள்ளை வரவில்லை. முதலில் மழைக்காலம் முடியட்டும் என்றார்கள். பிறகு அம்மை போட்டிருக்கிறது, இப்போது ரயிலில் ஏற்றவேண்டாம் என்றார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்த இடத்தில் அது சின்னம்மா மடியை விட்டு இறங்காது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "யாரு வீட்டுல இருக்கு? என் தம்பி வீட்டுலதானே? ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். ஆண்களுக்கு எல்லாமே ஒன்றுதான். கடைசித் தீபாவளிக்கு அவர்கள் வரவும் இல்லை. கொழுந்தன் காவல் பார்க்கும் கோபுரத்துக்கு ஆட்கள் நிறைய வருகிறார்கள், விட்டுவிட்டு வரமுடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைப் போட்டு நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சரி. அப்படியானால் நான் யார்? தம்பி வீட்டுப் பிள்ளைக்கு அண்ணன் பெண்டாட்டி பெரியம்மா. கணக்கு அவ்வளவுதான், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நான் பெற்ற பிள்ளை என்னை ஒருநாள் பெரியம்மா என்று கூப்பிடப் போகிறது. ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் அதற்கப்புறம் மாற்றமுடியாது. அதற்குள் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எனக்கு அவள் மேல் பொறாமை. இதை வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெற்ற பாசம் என்று சொன்னால் கேட்பவர்கள் உருகுவார்கள். ஆனால் பாசம் மட்டுமாக இருந்திருந்தால் முன்பே ஓடியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி "உங்க ஓரகத்தி மவ" என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கால் பரபரத்தது.

கடைக்குட்டியை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே பாஸில் தனியாகப் புறப்பட்டேன். துணிக்கடை மரைக்காயரிடம் பிள்ளைக்கென்று பச்சைப் பட்டுப் பாவாடை ஒன்று எடுத்துக் கையில் வைத்திருந்தேன். வழியெல்லாம் ஓரகத்தியிடம் என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அவளை நன்றாக அழவைத்துவிட்டிருந்தேன். அவள் காலில் விழுவாள், கெஞ்சுவாள், நான் அசையமாட்டேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

கிள்ளான் ஸ்டேஷனில் கொழுந்தன் வந்து காத்திருந்தார். "வாங்கண்ணி. இப்பவாவது வந்தீங்களே" என்றார். கள்ளமில்லாத மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவே வராது. அதற்கும் சேர்த்து அவர் பெண்டாட்டி மேல் வரும்.

ஆற்றங்கரைப் பக்கமாக நடந்தோம். மேடேறித் திரும்பியதும் அந்தக் கோபுரம் தெரிந்தது. ஈயம் ஏற்றிவந்த படகுகளுக்கு வரி வாங்குவதற்காக, அந்தக் காலத்து மலாய் ராஜா ஒருவர் கோட்டை கட்டினாராம். சண்டையில் சுவரெல்லாம் போய், ஆற்றைப் பார்த்து நின்ற கோபுரம் மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நாள் போலீஸ்காரர்கள் இருந்தார்கள், அப்புறம் வௌவால்கள். பழைய சாமான்கள் மேல் பைத்தியம் பிடித்த துரை ஒருவர் அதைக் கூட்டிப் பெருக்கிக் கண்ணாடிப் பெட்டிகள் செய்து, ஆற்றிலும் சேற்றிலும் கிடைத்ததையெல்லாம் அடுக்கி மியூசியம் என்று பெயர் வைத்தார். காவலுக்கு என் கொழுந்தனைப் போட்டு, கோபுரத்தை ஒட்டியே வீடும் கொடுத்தார். மதராஸில் கப்பலேறி வந்தவர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். "என் கொழுந்தனுக்குச் செத்த காலேஜ்ல வேலை" என்று நானும் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். நேரில் பார்த்ததும் எனக்குக் கேலி வரவில்லை.

செங்கல் கோபுரம், சுண்ணாம்பு பூசி வெள்ளையாக நின்றது. பக்கத்தில் ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் செம்பருத்தி. கீழே ஆற்றில் தொங்கான் படகுகள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. கொடியில் காய்ந்த வேட்டி அவ்வளவு வெள்ளையாக இருந்தது. எங்கள் குவாட்டர்ஸில் எதைக் காயப்போட்டாலும் எஞ்சின் புகை வந்து கறுப்பாக்கிவிடும். எத்தனை தடவை அலசினாலும் என் வீட்டுத் துணிக்குச் சாம்பல் நிறம்தான். இவளுக்கு மட்டும் இப்படி ஆற்றங்காற்றும் வெள்ளை வேட்டியுமா என்று வயிறு எரிந்தது. பிள்ளை விஷயம் கொஞ்ச நேரம் மறந்தேபோனது.

கோபுர வாசலில் ஒரு பித்தளைப் பீரங்கி, மரச் சக்கரத்தின்மேல் வாயை ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நெற்றியில், பீரங்கிக்கு நெற்றி உண்டென்றால், வட்டமாகக் குங்குமம். வாயருகே எலுமிச்சம்பழமும் செம்பருத்தியும். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள், அந்தக் கயிற்றில் வரிசையாக மஞ்சள் நூல் முடிச்சுகள். கும்பிடாமல் போக மனசு வருமா? செருப்பைக் கழற்றிவிட்டு, நல்லபடியாகப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, குங்குமம் எடுக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. கயித்துக்கு அந்தாண்ட நில்லுங்க. அது சாமி இல்ல, பீரங்கி."

என் மகள். ஒரு வருடத்துக்குமேல் பார்க்காத என் மகள் என்னிடம் சொன்ன முதல் பேச்சு. இரட்டைப் பின்னல் போட்டு, வெளுத்த கவுன் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உத்தியோகஸ்தர் மாதிரி நின்றது. என் மூக்கு, என் நெற்றி. நிற்கிற விதம் மட்டும் ஓரகத்தி நிற்கிற விதம்.

"யாருன்னு தெரியலையா?" என்றார் கொழுந்தன்.

தெரிந்தது. அடையாளம் கண்டுகொண்டது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் யார் என்று அது சொல்லவில்லை. "வாங்க" என்றது, அவ்வளவுதான். அன்று நான் அங்கே இருந்த வரை "வாங்க", "பாருங்க", "உக்காருங்க" என்று மரியாதையெல்லாம் குறைவில்லாமல் கிடைத்தது. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை மட்டும் அது சாமர்த்தியமாக ஒதுக்கிக்கொண்டே வந்தது. நானும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓரகத்தி வெளியே வந்தாள். "வாங்கக்கா" என்றாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், குரலே எழும்பாது. யார் எது சொன்னாலும் "சரிக்கா". சண்டைக்கு இழுக்கவே முடியாத பெண். அப்படிப்பட்டவர்களோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பிள்ளை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவது போலத்தான். மரப்படி ஏறினால் ஒரு வட்ட அறை, சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள். "இது கிரிஸ் கத்தி. வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். தொடக்கூடாது. இது முதலை. ஈயத்துல செஞ்சது. அந்தக் காலத்துல இதக் குடுத்துதான் சாமான் வாங்குவாங்க. கடிக்காது. ஆனா தொடக்கூடாது. இது சீனத்துக் கிண்ணம். ஆத்துச் சேத்துல கெடந்துச்சு, எங்கப்பாதான் எறங்கி எடுத்தாரு."

அப்பா என்றது கொழுந்தனை. எஞ்சின் அடுப்பு முன்னால் வெந்துகொண்டிருக்கிற என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றாரே, வந்து கேட்கட்டும்.

நாங்கள் கீழே இறங்கியபோது, கேரி தீவுத் தோட்டத்திலிருந்து பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கொழுந்தன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ பெருக்கினார். அவர்கள் கயிற்றின் மேலாகக் கையை எட்டி நீட்டிப் பீரங்கிக்குக் குங்குமம் வைத்தார்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. துரைக்கு இந்தக் குங்குமம் பிடிக்காது. கயிறு கட்டச் சொன்னது அவர்தான். அவர் வருவதற்குள் திங்கட்கிழமைதோறும் கொழுந்தன் புளி போட்டுப் பீரங்கியைத் தேய்த்துவிடுவார். தேய்க்கத் தேய்க்க அது அபிஷேகம் முடிந்த சாமி போலப் பளபளக்கும். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் அதிகமாக வரும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, என்னையும் வேண்டுதலுக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள். "மனசுல நல்லா நெனச்சிக்குங்கக்கா. சக்தியுள்ள சாமி. அந்தா நிக்கிறாங்க பாருங்க, காவக்காரர் சம்சாரம், அவங்கதான் இதுக்கு மொதமொதல்ல பொட்டு வச்சது. புள்ள இல்லாம கெடந்தவங்க. தெனம் பூ வச்சு அழுதாங்களாம். வருசம் திரும்பல, அந்தப் பொண்ணக் குடுத்திருச்சு."

ஒரு பகலும் ஓர் இரவும் இடுப்பு ஒடிய வலி எடுத்து நான் பெற்ற பிள்ளை. அதைக் கொடுத்தது பீரங்கியாம். நான் காய்ச்சலில் கிடந்தேனே, அதுவும் இந்தப் பீரங்கி அவளுக்காகப் பார்த்துச் செய்த ஏற்பாடுதானா? அவள் பூ வைத்து அழுத நாளையும் நான் படுத்த நாளையும் மனசு தானாகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பொறாமை பிடித்தவளுக்கு எல்லாம் பொருந்திப் போகும்.

"அந்தப் புள்ளையப் பெத்தவ நான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அவர்கள் என்னை நம்பவில்லை. ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுப்பாள், அல்லது மழுப்புவாள், அங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "ஆமா, அக்கா புள்ளதான்" என்றாள் அவள், அதே எழும்பாத குரலில்.

அந்தப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பிறகு ஒருத்தி, "அப்ப நீங்கதான் குடுத்தீங்களா?" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொருத்தி பீரங்கிக்கு வைத்துவிட்டு மிச்சம் வைத்திருந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். ஒருத்தி எனக்கு ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தாள். சண்டை போட வந்தவள், கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றேன். என்னைப் பீரங்கியோடு சேர்த்துக் கும்பிட்டுவிட்டு அவர்கள் படகுத்துறைக்குப் போனார்கள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு நான் ஊட்டுகிறேன் என்று ஒரு கவளம் எடுத்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது, மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. "முள்ளு எடுக்கணும்கா, அதுக்குப் பயம்" என்றாள் ஓரகத்தி. அப்புறம் பாவாடையைக் கொடுத்தேன். பிள்ளை ஆசையாகத்தான் உடுத்திக்கொண்டு வந்து நின்றது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது பாவாடை. நான் மரைக்காயரிடம் கையால் காட்டிய உயரம், போன வருடத்துக்கும் முந்தின பிள்ளையின் உயரம்.

"பரவாயில்லக்கா, கீழ ஒரு பட்டை வச்சுத் தச்சிடலாம். நல்லா இருக்கும்" என்றாள் அவள். அவள் நல்லவளாக இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் ஏறியது. ஒரு தடவையாவது மூஞ்சியைச் சுளித்திருக்கலாம்.

"நான் புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். சாயங்கால ரயிலுக்கு" என்றேன்.

கொழுந்தன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார். ஓரகத்தி எழுந்து கையைக் கழுவினாள். "சரிக்கா" என்றாள். உள்ளே போனாள். நான் ரயிலில் சேர்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் வாய்க்குள்ளேயே நின்றுபோனது.

பின்னாலேயே போய் நின்றேன். ஒரு சின்னத் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துணிகளை மடித்தாள். கவுன், உள்பாவாடை, பின்னல் நாடா. மடித்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "இடி இடிச்சா பயப்படும்கா, காதப் பொத்திக்கிட்டு மடியில போட்டுக்கணும். கசாயம் குடுத்தா துப்பும், வாயில ஒரு கல் சக்கரை போட்டுட்டு குடுங்க. சீப்பு வலிச்சா சொல்லாது, கண்ணுல தண்ணி மட்டும் வரும். பாத்துக்குங்க."

என் பிள்ளையைப் பற்றி எனக்கு யாரோ சொல்லித்தருகிறார்கள். இடிக்குப் பயம் என்பது எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வரும் என்பது தெரியாது. இவ்வளவையும் அவள் சேர்த்து வைத்திருக்கிறாள், நான் கையில் ஒரு குட்டைப் பாவாடையோடு வந்திருக்கிறேன். அழுதாலாவது நான் ஜெயித்தது போல இருக்கும். அவள் அழவில்லை. ஒரு கவுனை மட்டும் மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

பிள்ளையைக் காணவில்லை. கொழுந்தன் செம்பருத்திச் செடிப் பக்கம் பார்த்தார், ஆற்றுப் படிக்கு ஓடினார். நான் கோபுரத்துக்குள் போனேன். கண்ணாடிப் பெட்டி அறையில் இல்லை. அதற்குமேல் இன்னொரு மரப்படி இருந்தது. செங்குத்தாக, கயிற்றைப் பிடித்து ஏறும்படி. ஏறினேன்.

உச்சி அறையில் ஒன்றும் கிடையாது. நாலு பக்கமும் சின்ன ஜன்னல், காற்று. ஆற்றைப் பார்த்த ஜன்னலின் கீழே, அந்தப் பச்சைப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. "இங்கேருந்து ராஜாவோட ஆளுங்க ஆத்தப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. படகு வந்தா மணி அடிப்பாங்க" என்று ஆரம்பித்தது. "அந்தப் பக்கம் ஸ்டேஷன். மேல ஏறி வந்தவங்க எல்லாரும் அதப் பாத்துட்டு, அப்புறம் எறங்கிப் போயிருவாங்க."

நான் கீழே உட்கார்ந்தேன். "என்கூட வர்றியா? அங்க உனக்கு அண்ணனுங்க இருக்காங்க, தம்பி இருக்கான்."

அது யோசித்தது. மறுத்துப் பேசத் தெரியாத பிள்ளை, அவள் வளர்த்த பிள்ளைதானே. "வரலாம். ஆனா நான் போய்ட்டா அம்மா மறுபடி சாமிகிட்ட கேக்கணும்" என்றது.

"அது சாமி இல்ல, பீரங்கின்னு நீதானே சொன்னே?"

"தொரை அப்படித்தான் சொல்லணும்னாரு. அம்மா கேட்டப்ப கயிறு இல்ல. இப்ப கயிறு கட்டிட்டாங்க. அம்மாவுக்குக் கிட்ட போக முடியாது." பாவாடை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பா வேலைக்காரரு, அவரு வீட்டு ஆளே கயிறு தாண்டினா தொரை ஏசுவாரு" என்றது.

இப்படி ஒரு கவலையை எனக்காக யாரும் பட்டதில்லை. எனக்குப் பிறந்த நாலு பிள்ளைகளில் ஒன்றுகூட, தான் இல்லாதபோது தன் அம்மா என்ன செய்வாள் என்று யோசித்து உச்சியில் போய் உட்கார்ந்ததில்லை. அவள் பெறவே இல்லை, அவளுக்கு இது கிடைத்திருக்கிறது. எனக்கு அப்போது அந்தப் பிள்ளைமேல் வந்தது இரக்கம் இல்லை. அவள் மேல் இன்னும் கொஞ்சம் பொறாமைதான்.

அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து நான் என் வழியில் கணக்குப் போட்டேன். இழுத்துக்கொண்டு போகலாம். வரும். சொன்னதைக் கேட்கும், ஊட்டினால் வாயில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். இடி இடித்தால் என் மடியில் வந்து விழாது, ஒரு மூலையில் நின்று காதைப் பொத்திக்கொள்ளும். ஒவ்வொரு தடவை சீப்பை எடுக்கும்போதும் நான் அவளிடம் தோற்கவேண்டும். என் வீட்டில், என் அடுப்படியில், தினம் தினம். அவள் இங்கே ஆற்றங்காற்றில் வெள்ளை வேட்டி காயப்போட்டுக்கொண்டு, இல்லாமலே ஜெயித்துக்கொண்டிருப்பாள். என்னால் அது முடியாது. பின்னால் எங்கள் குவாட்டர்ஸில் இதைப் பெரிய மனசு என்றார்கள். கொழுந்தன் என்னைக் கோயிலில் வைத்துக் கும்பிடவேண்டும் என்றார். என் மனசின் அளவு எனக்குத் தெரியும்.

கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். செங்குத்துப் படியில் அதுதான் முன்னால் இறங்கி, நான் எங்கே கால் வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

வாசலில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். தகரப் பெட்டி அவள் கையில் இருந்தது, பூட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கொழுந்தன் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார். அவள் பிள்ளைக்கு முன்னால் குனிந்து, பின்னலை எடுத்து முன்னால் போட்டு, கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"போய்ட்டு வாடா. அங்க போய் அடம் புடிக்கக்கூடாது" என்றாள். அப்புறம், முள் எடுப்பது போல மெதுவாக, "இவங்கதான் அம்மா. நான் சின்னம்மா. ஒழுங்கா அம்மான்னு கூப்புடு" என்றாள்.

பிள்ளை அவளைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்த ஒன்றை இனிமேல் ஒதுக்கமுடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. உதடு பிரிந்தது. அம்மா என்று வந்தாலும் அது அவள் சொல்லிக்கொடுத்து வந்ததாக இருக்கும். மற்றது வந்தால் அதை நான் காதால் கேட்கவேண்டும். இரண்டையும் என்னால் தாங்கமுடியாது. நான் முந்திக்கொண்டேன்.

"பெரியம்மா கெளம்புறேன்டா. ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

ஓரகத்தியின் கையிலிருந்து பெட்டி நழுவித் தரையில் உட்கார்ந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திகைக்கும், கொஞ்சமாவது திகைக்கும், யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவையாவது சுற்றிப் பார்க்கும் என்று நினைத்தேன்.

"சரி பெரியம்மா, பாத்துப் போங்க" என்றது, உடனே.